ஒரு நேரத்தில் ஒரு மிக்ஸி!

வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடிய வஸ்துக்கள் என்று நம் ஊரில் ஒரு பட்டியல் உண்டு. வடகம், மாவடு, சீயக்காய்ப் பொடி, ரோஷம் ஜாஸ்தியான குடும்பங்களில் சோப்புத் தூள். அமெரிக்காவில் இந்தப் பட்டியலில் துப்பாக்கித் தோட்டாவும் சேர்த்தி!

சிரிக்காதீர்கள். என் மச்சினன் டல்லாஸில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். இங்கே இருந்தவரை கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்றவன். போன வருஷம் வீடியோ காலில், ‘‘மாமா, என் பெஞ்சைப் பாருங்க’’ என்று கார் ஷெட்டைக் காட்டினான். ஏதோ ஸ்கூல் பெஞ்சு வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். அது பட்டறை மேஜை. அதன்மேல் கரும்பு ஜூஸ் மிஷினுக்குத் தம்பி மாதிரி ஒரு கைப்பிடி பிரஸ், ஒரு குட்டித் தராசு, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள்.

விஷயம் இதுதான். துப்பாக்கி சுட்டால் குண்டுதான் போகிறது. பித்தளைக் குப்பி அங்கேயே விழுகிறது. அதைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பற்றவைக்கும் சிமிழ், மருந்து, குண்டு மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடி தோட்டா. காலி சிலிண்டரைக் கொடுத்து கேஸ் வாங்குகிற மாதிரி. அங்கே லட்சக்கணக்கானவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. காசு மிச்சம், குறியும் சுத்தம் என்கிறார்கள்.

மருந்தை நிறுக்கிற அளவுக்கு ‘கிரெயின்’ என்று பெயர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லி கிராம். நம் ஆசாரிகள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி! அந்த அரைக் குன்றிமணி கூடினால் குறைந்தால் தலைக்கே ஆபத்து என்பதால், மச்சினனின் பெஞ்சில் சில சட்டதிட்டங்கள் உண்டு. மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் மீதி மருந்து தன் சொந்த டப்பாவுக்கே திரும்பவேண்டும். குப்பிகள் ஐம்பது குழி உள்ள மரக்கட்டையில் வரிசையாக நிற்க, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். டி.வி. கூடாது, போன் கூடாது, பொண்டாட்டி கூப்பிட்டால் வேலையை நிறுத்திவிட்டுத்தான் ‘என்ன’ என்று கேட்கவேண்டும். (இதை மட்டும் அவன் தங்கு தடையில்லாமல் கடைப்பிடிப்பதாகத் தெரிகிறது.) கடைசியில் பெட்டிமேல் தேதி போட்டு லேபிள்.

‘‘இதுல கவனம் சிதறினா, அடுத்த தடவை சரியா பண்ணிக்கலாம்னு சொல்ல ஆள் இருக்காது மாமா’’ என்றான். கரப்பானுக்குப் பயந்த அதே பையன்!

உடனே கை பரபரக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சம் ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். தோட்டாவின் உதிரி பாகங்களைக்கூடச் சட்டம் தோட்டா கணக்கில்தான் வைக்கிறது. அதற்காக வெடிமருந்தில் நாம் கத்துக்குட்டிகள் என்று அர்த்தமில்லை. நீலகிரியில் அருவங்காடு என்ற ஸ்டேஷனைப் பொம்மை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே 1903-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த கார்டைட் ஃபேக்டரி, துப்பாக்கி மருந்து தயாரிக்கத்தான். இன்றைக்கும் இயங்குகிறது. அந்த மாதிரி சமாசாரங்கள் காம்பவுண்டு சுவருக்குள் இருக்கட்டும். வீட்டில் வேண்டாம்.

எனக்குத் துப்பாக்கியில் இம்மியளவும் ஆசை இல்லை. ஆசைப்பட்டது அந்தப் பெஞ்சின் ஒழுங்குக்கு. அதுவும் எனக்காக அல்ல.

எங்கள் வீடு தேர்வாய் கண்டிகையில். கும்மிடிப்பூண்டி தாலுகா. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். ஊர்ப் பெயர் இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், 500 மில்லியன் கன அடி, 2020 நவம்பரில் திறந்தார்கள். அதற்கும் முன்னாலேயே சிப்காட் வந்துவிட்டது. மிஷெலின் டயர் தொழிற்சாலை வந்தது. ஊர் மாடு மேய்ந்த நிலத்தில் ஃபேக்டரியா என்று போராட்டமும் கோர்ட்டும் நடந்தது தனிக் கதை. நான் அந்த சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் குப்பை கொட்டுகிறேன். நிஜமாகவே. ஸ்கிராப் கணக்கு என்னுடையது.

நைனா 1978-லிருந்து 2014 வரை ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். விஜயந்தா டாங்கியில் ஆரம்பித்தவர். ரிடையர் ஆன பிறகு தெருவில் ஓடாத ஃபேன், சுற்றாத மிக்ஸி, பேசாத காலிங் பெல் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். காசு வாங்கமாட்டார். காபி குடிப்பார். எழுபதைத் தொட்டபோது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்க்ரூவின் பள்ளத்தில் வைக்கப்போகிற அந்தக் கணத்தில் ஆடும். டாக்டர் பார்த்துவிட்டு, ‘‘பார்க்கின்சன் இல்லை, பயப்படாதீங்க. அது வேற மாதிரி, கை சும்மா இருக்கிறப்ப நடுங்கும். இது எசென்ஷியல் ட்ரெமர். வேலை செய்யறப்பதான் நடுங்கும்’’ என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஃபிட்டருக்கு அதில் என்ன ஆறுதல்? மாத்திரை எழுதினார். காபியைக் குறைக்கச் சொன்னார். சம்பளத்திலேயே கை வைத்துவிட்டார் என்று நைனாவுக்குக் கோபம்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் திண்ணையில் ஒரு கோணிப்பை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட். மூன்றிலும் அவர் டூல்ஸ்.

‘‘இன்னா நைனா இது?’’

‘‘காயலான் கடைக்காரன் ஞாயித்துக்கெழமை வரேன்னான். கிலோ முப்பதுன்றான். முப்பத்தி ரெண்டு கேளு.’’

பைக்குள் கை விட்டேன். குறடு, திருப்புளி, ரிங் ஸ்பேனர் செட், ஏழு விதமான அரம், மூலைமட்டம், ரசமட்டம், ரம்பம். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, முதல் போனஸில் வாங்கிய வெர்னியர் காலிப்பர். மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வரை அளக்கிற சாதனம். இரும்பு விலைக்கு!

‘‘ஒரு மாசம் டைம் குடு நைனா.’’

‘‘எதுக்கு?’’

‘‘பெஞ்ச் போடப்போறேன்.’’

‘‘யாரு உக்கார்றதுக்கு?’’ என்றார். குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த வார்த்தைக்கு அதே அர்த்தம்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது ரொம்ப சுலபமான சமாசாரம். நைனாவின் கை ஆடுவதில் பாதி, தேடுவதில் வருகிற பதற்றம். ஸ்க்ரூவைக் கழற்றிக் கீழே வைப்பார், உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும், குனிந்து தேடுவார், எழுந்தால் ஸ்பேனரைக் காணோம், பக்கெட்டைக் கொட்டுவார், அம்மா கத்துவாள், கை இரண்டு பங்கு ஆடும். பதற்றப்பட்டால் நடுக்கம் ஏறும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மச்சினனின் பெஞ்சில் பதற்றத்துக்கு இடமே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு டப்பா, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, எடுத்தது எடுத்த இடத்தில்.

முதல் பிரச்னை இடம். பின் தாழ்வாரத்தில் ஆறடிக்கு ஒரு சுவர் இருக்கிறது. அது வாஷிங் மெஷினுக்கு என்று கல்யாணமான வருஷமே மனைவி பட்டா போட்டு வைத்திருந்தாள். வாஷிங் மெஷின் வரவில்லை, பட்டா மட்டும் இருந்தது. மூன்று நாள் பேச்சுவார்த்தை. நாலடி பெஞ்சுக்கு, இரண்டடி மெஷினுக்கு, மெஷின் பொங்கலுக்குள் வந்தாகவேண்டும் என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. காவிரிப் பிரச்னையை இவளிடம் ஒப்படைத்திருக்கலாம்.

அடுத்தது மரம். சிப்காட் பக்கம் குடியிருக்கிற இளைஞர்களுக்கு இது உபயோகப்படும், கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து மெஷின் வருகிற பெட்டிகளும், அடியில் வைக்கிற பாலெட்களும் பைன் மரம். அதைக் கம்பெனிகள் ஸ்கிராப்பில் தள்ளிவிடும். ரோட்டோரக் கட்டைக் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் கட்டையில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். ஒரு கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, அப்புறம் ‘ஹெச்.டி.’ என்றோ ‘எம்.பி.’ என்றோ இருக்கும். ‘ஹெச்.டி.’ என்றால் பூச்சி சாக மரத்தைச் சூடு பண்ணியிருக்கிறார்கள். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் என்று நினைத்து வீட்டுக்குள் விடவேண்டாம்.

கால்களுக்கு ஜெர்மன் பைன். மேல் பலகைக்கு, இடித்த வீட்டுத் தேக்குக் கதவு ஒன்று கவரைப்பேட்டையில் கிடைத்தது. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையோடு. ஆசாரி வந்தார். உயரம் முப்பது அங்குலம், ‘டேபிள் சைஸ்’ என்றார். நான் நைனாவை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தேன். முப்பத்தொன்பது. வைஸின் வாய் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும், அப்போதுதான் அரம் போடும்போது தோள் தூக்காது. வைஸ் ஐந்தரை அங்குலம். ஆக மேஜை முப்பத்து மூன்றரை. ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘‘அவன் சொல்றபடி செய்’’ என்றார். கோணிப்பை வந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மேஜை அசையக்கூடாது. அசைந்தால் கையின் ஆட்டத்தோடு மேஜையின் ஆட்டமும் சேர்ந்து இரட்டைத் தாளம். அதனால் சுவரில் மூன்று ஆங்கர் போல்ட். டல்லாஸிலும் அப்படித்தான். பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போது மேஜை துள்ளினால் தோட்டாவின் நீளம் மாறிவிடுமாம்.

வைஸ் வாங்க, சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் போய், பிராட்வேயில் நாலு கடை ஏறி இறங்கினேன். பாரிமுனை வட்டாரத்தில் ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு ஒரு மகா குணம் உண்டு. உங்களைப் பார்த்தவுடனேயே நீங்கள் ஃபிட்டரா, ஸ்டோர்ஸ் கிளார்க்கா என்று சொல்லிவிடுவார்கள். விலையும் அதற்குத் தக்கபடி. நைனாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ‘‘வாய மூடிப் பாரு. ரெண்டு தாடைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதா?’’ என்றார். முதல் மூன்றில் தெரிந்தது. நாலாவதில் தெரியவில்லை. கடைக்காரர் போனைப் பார்த்து, ‘‘பெரியவர் எந்தக் கம்பெனி?’’ என்று கேட்டுவிட்டு இருநூறு ரூபாய் குறைத்தார்.

இனி ஒழுங்குபடுத்துகிற படலம். ஃபேக்டரியில் இருக்கிறவர்களுக்கு ‘ஃபைவ் எஸ்’ தெரியாமல் இருக்காது. செய்ரி, செய்டன், செய்ஸோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. ஜப்பான்காரன் சொன்ன ஐந்து. வேண்டாததைக் களை, மீதியை இடத்தில் வை, துடை, வழக்கமாக்கு, ஒழுக்கமாக்கு. பெரும்பாலான ஆபீஸ்களில் ஆறாவதாக ஓர் எஸ் உண்டு: ‘ஸார் வர்றார்!’ ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து டிபார்ட்மென்ட்டில் ஒளித்துவைப்பது.

முதல் எஸ்ஸிலேயே சண்டை. கோணிப்பையில் பதினொரு டெஸ்டர். எரிகிறது இரண்டு. பூட்டு இல்லாத சாவி ஒரு கொத்து. 1994-ல் செத்துப்போன எங்கள் ரேடியோவின் டயல் கயிறு. களைய வேண்டியதுதானே? ‘‘இருக்கட்டும்’’ என்றார். மூன்று நாள் முன்னால் வெர்னியரை எடைக்குப் போடத் தயாராக இருந்தவர், செத்த டெஸ்டருக்காக வாதாடுகிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தோற்றுப்போனேன்.

சுவரில் நாலடிக்கு இரண்டடி ப்ளைவுட். ஒவ்வொரு டூலையும் அதன்மேல் வைத்து மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு உள்ளே பெயிண்ட் அடிப்பது வழக்கம். எது இல்லையோ அதன் நிழல் மட்டும் தெரியும், காணாமல் போனது கண்ணில் குத்தும். நான் மார்க்கரை எடுத்தேன். நைனா கையை நீட்டினார். கொடுத்தேன். சாயங்காலம் முழுக்கப் போட்டார். சுத்தியல் கடல் அலையில் மிதக்கிற மாதிரி இருக்கிறது. ரிங் ஸ்பேனர்கள் எல்லாம் பூரான்கள். நான் அதைத் திருத்தவில்லை, அவரும் திருத்தச் சொல்லவில்லை. சுத்தியல் அந்தக் கோட்டுக்குள் அடங்குகிறது. அது போதும்.

மேஜையின் மூன்று பக்கமும் அரை அங்குல உயரத்துக்கு ரீப்பர் அடித்தோம். விழுகிற ஸ்க்ரூ தரையைத் தொடாது. மரப் பலகை பழுப்பு, ஸ்க்ரூவும் பழுப்பு என்பதால் மேலே வெள்ளை ரெக்ஸின். பழைய ஸ்பீக்கரின் காந்தம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்கு அடியில். உள்ளே போட்ட ஸ்க்ரூ, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. (எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்கிற புத்திசாலிகளுக்கு: கிண்ணம் ஒட்டவேண்டியதில்லை, ஸ்க்ரூ ஒட்டினால் போதும். கிண்ணத்தின் அடியில் காந்தத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறோம்.) திருப்புளிக் கைப்பிடிகளில் சைக்கிள் டியூபைச் சுற்றினோம். பருமன் கூடினால், கனம் கூடினால் நடுங்குகிற கைக்குப் பிடி கிடைக்கிறது. முதுகு சாய்கிற ஸ்டூல். முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொள்ள இடம். இடம் வலம் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பட்டி. ஒரு பக்க விளக்கு என்றால் கையின் நிழல், கையை விடப் பெரிதாக ஆடும்.

பிளக் பாயின்ட்டுக்குத் தனியாக முப்பது மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடுகிற பிரேக்கர் போட்டேன். மற்றதில் எல்லாம் பேரம் பேசலாம், இதில் பேசாதீர்கள். நடுங்குகிற கையும் திறந்த ஒயரும் ஒரே மேஜையில் இருக்கப்போகின்றன. காலடியில் இரண்டு கிலோ தீயணைப்பு சிலிண்டர். அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘‘கடைசியில் வீட்டைக் கொளுத்தறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?’’ என்றாள்.

ஐம்பது குழி மரக்கட்டைக்கு என்ன செய்வது? முட்டைத் தட்டு! முப்பது குழி. கழற்றுகிற வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகம். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வரவேண்டும். எல்லாக் குழியும் காலியானால் வேலை முடிந்தது. காலியாகாமல் ஒரு வாஷர் மிச்சமிருந்தால் ஸ்விட்ச் போடக்கூடாது. டல்லாஸ் விளக்குப் பரிசோதனையின் தேர்வாய் கண்டிகைப் பதிப்பு. தட்டுக்கு மேல் நானே ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன்: ‘ஒரு நேரத்தில் ஒரு மிக்ஸி’.

மொத்தச் செலவு ஒன்பதாயிரத்து நானூறு.

முதல் கிராக்கி எதிர்வீட்டு மிக்ஸி. ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, ஜார் சுற்றவில்லை. நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். மேலே இருக்கிற ரப்பர் கப்ளர் தேய்ந்திருந்தது. பலபேர் இதை வழக்கம்போல் இடப்பக்கம் திருகிக் கழற்றப் பார்த்து உடைத்துவிடுவார்கள். பல மிக்ஸிகளில் இது தலைகீழ் மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். மோட்டார் சுற்றச் சுற்றத் தானாக இறுகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நைனாவின் கை ஆடிக்கொண்டே போய், ரெக்ஸின்மேல் முழங்கை ஊன்றியதும் கொஞ்சம் அடங்கி, நாலாவது முயற்சியில் பிடித்தது. அப்புறம் அடித் தட்டு, ஐந்து ஸ்க்ரூ, ஐந்து குழி. கார்பன் பிரஷ்ஷைத் திறந்தபோது அதன் ஸ்ப்ரிங் எகிறியது. நான் எழுந்துவிட்டேன். அது ரீப்பரில் முட்டி நின்றது. நைனா என்னைப் பார்க்காமலே, ‘‘நீ பேப்பரத் தலகீழாப் புடிச்சிக்கினு இருக்க’’ என்றார்.

ஒரு காலத்தில் இருபது நிமிஷ வேலை. அன்று இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. முட்டைத் தட்டு காலி. மிக்ஸி ஓடியது. எதிர்வீட்டு அம்மா காபி எடுத்து வந்தார். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை என்று அரை டம்ளர் குடித்தார்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். சால்டரிங் அவரால் முடியவில்லை. சூடான இரும்பு நுனியும் நடுங்குகிற விரலும் ஒத்துப்போகாது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, பற்றவைக்கிற இரும்பைத் தானே எடுத்து மேல் ஆணியில் மாட்டிவிட்டார். அதன் நிழற்கோடு காலியாகவே இருப்பதில்லை. இப்போது பக்கத்து ரூமில் குடியிருக்கிற ஒடிஸா பையன் ஷிஃப்ட் முடிந்து வந்து சால்டரிங் செய்கிறான். நைனா ஆவடி காலத்து ஹிந்தியில் பின்னாலிருந்து உத்தரவு போடுகிறார். அந்த ஹிந்தி பையனுக்குப் புரிவதில்லை. சால்டரிங் மட்டும் சரியாக வருகிறது. சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் மாற்றுவது எப்படி என்று இப்போது அந்த ரூமில் இருக்கிற ஆறு பேருக்கும் தெரியும். ஃபேன் ஓடவில்லை, மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பத்தில் எட்டு தடவை அதுதான் கோளாறு என்பது நைனாவின் கணக்கு.

போன மாசம் மச்சினன் மறுபடி வீடியோவில் வந்தான். எங்கள் பெஞ்சைக் காட்டினேன். முட்டைத் தட்டைப் பார்த்து அசந்துவிட்டான். நைனா போனை வாங்கி, ‘‘உன்னுத காட்டு’’ என்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார்.

‘‘தம்பி, லைட்டு வலப்பக்கம் இருக்குதே. நீ வலது கையால மருந்து போட்டா, குப்பிக்குள்ள உன் கை நிழல்தான தெரியும்? இன்னாத்த எட்டிப் பாக்குற?’’

அந்தப் பக்கம் ஒரு மௌனம். ‘‘மாத்திடறேன் மாமா’’ என்றான். அப்புறம் அந்தக் காலி பித்தளைக் குப்பி அங்கே கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று நைனா கேட்டார். பழக்கதோஷம்.

இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று வேலை வருகிறது. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அட்டை: யாருடையது, எந்தத் தேதி வந்தது, என்ன கோளாறு. அட்டையை எழுதுகிறது என் மகள். தேதி சரி, கோளாறு என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ‘பாவம்’ என்று எழுதுகிறாள். கீழ் டிராயர் ஒன்றுக்கு ‘இதர’ என்று லேபிள் ஒட்டியது தனி விபரீதம். கேஸ் புத்தகம், துணி கிளிப், கரெண்ட் பில், தைலம் எல்லாம் அதற்குள் குடியேறிவிட்டன. பதினொரு டெஸ்டரும் அங்கேதான். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பக் கோட்டுக்குள் மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வைஸுக்கு மட்டும் பூமாலை.

ஒப்பந்தப்படி பொங்கலுக்கு முந்தின வாரம் வாஷிங் மெஷின் வந்து இரண்டடியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து நைனா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பின்பக்கத்து ஸ்க்ரூக்களை எண்ணிவிட்டு, ‘‘ஒரு தட்டு பத்தாது’’ என்று இன்னொரு முட்டைத் தட்டு வாங்கி வரச் சொன்னார்.

‘‘நைனா, ரெண்டு வருஷம் வாரன்ட்டி இருக்கு. கை வைக்கக்கூடாது’’ என்றேன்.

சரி என்று தலையாட்டினார். மறுநாள் பார்த்தால், பெஞ்சுக்கு மேல் மாட்டியிருக்கிற காலண்டரில், வாரன்ட்டி முடிகிற வருஷத்தை ஓரத்தில் எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் கொஞ்சம் நெளிந்திருக்கிறது.